சாஸ்தாவுக்குக் கால் பங்கு

மத்திய சர்க்காரின் வருமானவரி எங்கள் பக்கத்துக்கு வரும்வரை கோட்டாற்றுக் கடைத்தெருவில் ஏழை வியாபாரி என்று ஒருத்தரை நான் பார்த்ததில்லை. வந்த வருஷமே எல்லோரும் ஏழையாகிவிட்டார்கள். வைரக் கடுக்கன் மின்னிய காதுகளில் வெறும் துளை தெரிந்தது. கல்யாண வீட்டுக்குக் குதிரைவண்டி வைத்துப் போனவர்கள் குடையைப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். வரி ஆபீசர் நாகர்கோவிலில் முகாம் போட்டு விசாரணைக்குக் கூப்பிட்டால் போட்டுக்கொண்டு போவதற்கென்றே தோளில் ஒட்டுவைத்த சட்டை ஒன்று கடைக்குக் கடை ஆணியில் தொங்கியது. அது இல்லாதவர் பக்கத்துக் கடையில் இரவல் வாங்கிப் போனார். ஒரே சட்டை ஒரே நாளில் மூன்று பேர் மேல் ஏறிப் போய்த் திரும்பியதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். மூன்றாவது ஆளைப் பார்த்து ஆபீசர், "இந்தச் சட்டைக்கு எத்ர முதலாளிமார்?" என்று மலையாளத்தில் கேட்டதாகத் தெருவில் ஒரு பேச்சு உண்டு.

அந்தத் தெருவில் ஒரு மொத்த மளிகைக் கடையில் நான் கணக்கப்பிள்ளை. படிப்பு நாலாவது பாரத்தோடு நின்றது. நாள்வழி எழுதுவேன், பேரேடு கட்டுவேன். திருநீறு பூசாமல் பேனாவைத் தொட்டதில்லை. திருவிதாங்கூர்ச் சக்கரமும் பணமுமாக எழுதிப் பழகிய கை, இருபத்தெட்டரைச் சக்கரம் ஒரு ரூபாய் என்று கொஞ்ச காலம் பெருக்கிக் கழித்து, கடைசியில் அணாவுக்கும் பைசாவுக்கும் பழகிக்கொண்டது. அதெல்லாம் ஒரு சிரமமாகத் தெரியவில்லை. வருமானவரிச் சட்டப் புத்தகத்தை ஒரு வக்கீல் வீட்டில் இரவல் வாங்கி, என் நாலாவது பாரத்து இங்கிலீஷை வைத்துக்கொண்டு படிக்க உட்கார்ந்தேனே, அதுதான் சிரமம். ஒரு வாக்கியம் ஆரல்வாய்மொழியில் தொடங்கினால் பாறசாலை தாண்டித்தான் முற்றுப்புள்ளி வரும். நடுவில் 'ஆனால்' என்றும் 'தவிர' என்றும் 'மேற்படி விஷயம் எப்படியிருப்பினும்' என்றும் நாலு சுங்கச் சௌக்கை. ஒவ்வொரு சௌக்கையிலும் இறங்கி மூட்டையை அவிழ்த்துக் காட்ட வேண்டும். மூன்றாம் நாள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

எனக்குச் சம்பளம் மாதம் நாற்பத்தைந்து ரூபாய். அதற்கு வரி கிடையாது. என் வீட்டில் வரி போடுகிறவள் என் மனைவி. சம்பளத்தை முழுசாக வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டு, வெற்றிலைக்கும் பஸ்ஸுக்கும் மூன்று ரூபாய் திருப்பித் தருவாள். அப்பீல் கிடையாது. ஊரான் கணக்கைக் காலணா பிசகாமல் கட்டுகிற நான், மாதக் கடைசியில் அந்த மூன்று ரூபாய்க்குக் கணக்குச் சொல்ல முடியாமல் அவள் முன்னால் விழிப்பேன். ஆனால் அவள் தினமும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைச் சாமி பானையில் போட்டுவிட்டுத்தான் மிச்சத்தைக் களைவாள். அரிசிக்கு ரேஷன் இருந்த காலத்திலும் அந்தப் பிடி சிறுக்கவில்லை.

முதல் வருஷம் என் முதலாளிக்கு வந்த வரி ஆயிரத்துச் சொச்சம். வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் லாபம் பார்க்கிற மனுஷர். வரியைக் கட்டிவிட்டு வந்து நாலு நாள் மோர் மட்டும் குடித்தார். துக்க வீட்டுக்கு வருகிற மாதிரி ஆட்கள் கடைக்கு வந்து உட்கார்ந்து எழுந்து போனார்கள். ஐந்தாம் நாள் அவருடைய மச்சினர் வந்தார். திருவனந்தபுரத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாக இருந்தவர். சட்டத்தில் உள்ள சந்துகளை மட்டும் படித்தவர். பெரிய தெரு ஒன்றும் அவருக்குத் தெரியாது.

"அத்தான், சாமிக்கு வரி உண்டுமா?" என்று கேட்டார்.

"சாமிக்கு எவன்டே வரி போடுவான்?"

"பொறவு என்ன? ஒம்ம குடும்ப சாஸ்தாவைக் கடையில கால் பங்காளியாச் சேத்துரும். கால் பங்கு லாவம் அவருக்கு. அதுக்கு வரி இல்லே."

"நல்லா இருக்குடே யோசனை! காவாசி லாவத்தச் சாஸ்தாவுக்குக் குடுத்துட்டு நான் வாயில வெரல வச்சுக்கிட்டு இருக்கவா?"

"குடுக்கதுக்கு யாரு சொன்னா? எழுத்து சாஸ்தாவுக்கு, ரூவா ஒமக்கு. அவரு என்ன, வண்டி பிடிச்சுக் கடைக்கு வந்து கேக்கப் போறாரா?"

முதலாளி சிரித்தார். ஐந்து நாளில் முதல் சிரிப்பு. அன்றைக்கே மோரை விட்டுவிட்டு மீன்குழம்பு கொண்டுவரச் சொன்னார்.

இதில் சாஸ்தா யார் என்று வெளியூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் குடும்பத்துக்குக் குடும்பம் ஒரு சாஸ்தா உண்டு. பங்குனி உத்திரத்துக்கு எங்கே இருந்தாலும் அவர் சன்னதிக்கு வந்துவிட வேண்டும். முதலாளியின் சாஸ்தா, குளத்தங்கரையில் ஒரு மருதமரத்தடியில் இருப்பவர். இருபது குடும்பத்துக்குப் பொது. அவர் பெயரில் ஒரு ரூபாய் வரவு வைத்துத்தான் ஆவணி முதல் தேதி கடையில் புதுக்கணக்குத் தொடங்குவோம். அந்த ஒரு ரூபாய் பங்குனியில் கற்பூரமாகக் கோயிலுக்குப் போய்விடும். அவருக்கும் கடைக்கும் இருந்த தொடர்பு அவ்வளவுதான்.

மச்சினர் போன பிறகு நான் முதலாளியிடம் போனேன்.

"மொதலாளி, சாமி பேருல இல்லாதத எழுதப்பிடாது."

"எழுதுகது நீரு, பாவம் எனக்கு. போருமா ஓய்?"

"கை என்னுதுல்லா."

"கை ஒம்முது, சம்பளம் என்னுது. ஆவணி ஒண்ணாந்தேதி எழுதுகேரா, இல்ல வேற ஆளப் பாக்கட்டா?"

பதினேழு வருஷம் உட்கார்ந்த இடம். இரண்டு பெண்பிள்ளைகள், வாடகை வீடு. அப்போது கோட்டாற்றில் வேலை போன கணக்கப்பிள்ளையை எவனும் லேசில் சேர்க்க மாட்டான். என்னமோ கையாடல் பண்ணிவிட்டான் என்றுதான் நினைப்பான். சாயந்திரம் வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"காப் பங்கா?" என்றாள். "சாஸ்தாவுக்கு எலையப் போட்டு, சோத்தையும் வெளம்பி, பொறவு அந்த எலையில ஒங்க மொதலாளியே இருந்து திம்பாராக்கும்!"

"எழுதல்லேன்னா வேல போவும் ஏட்டி."

உருவிய காம்பை ஒதுக்கிப் போட்டாள். பிறகு சொன்னாள்: "எழுதுங்கோ. புள்ளையள் பட்டினி கெடக்கணும்னு சாஸ்தா சொல்ல மாட்டாரு. ஆனா நாளைக்கு எவனாவது நேருக்கு நேரா கேட்டா, எழுதினதுக்கு மேல வாயால ஒண்ணு சொல்லாதிங்கோ. ஒரு பொய்யோட நிக்கட்டும்."

சரி என்றேன். அவள் கேட்டபடி அவள் தலையில் கைவைத்துச் சத்தியமும் செய்தேன்.

மச்சினர் சொன்னது கடைக்குள்ளே கதவைச் சாத்திக்கொண்டு எழுதச் சொல்லித்தான். ஆனால் என் முதலாளிக்குச் சர்க்காரிடம் பயம் இல்லை, சாஸ்தாவிடம் உண்டு. அவர் பெயரை அவரிடம் சொல்லாமல் எழுதினால் கண்ணைக் குத்திவிடுவார் என்று நினைத்தார். எடுக்கப்போவது சாமி பங்கு. அதையும் சாமி முன்னால் முறையாக எழுதிவிட்டு எடுத்தால் குற்றமில்லை என்பது அவர் சித்தாந்தம். இப்படி ஒரு பக்தியை நான் வேறு எங்கும் கண்டதில்லை. ஆகவே ஆவணி முதல் தேதி காலையில் பேரேட்டைப் பட்டுத்துணியில் சுற்றிக் குளத்தங்கரைக்குக் கொண்டுபோனோம். நாதசுரத்துக்கும் ஏற்பாடு செய்திருந்தார். நாதசுரம் கேட்டால் இருபது குடும்பமும் வராமல் இருக்குமா? வந்துவிட்டார்கள்.

பூசாரி கற்பூரம் காட்டினார். நான் பிள்ளையார் சுழி போட்டு, இன்ன குடும்பத்துச் சாஸ்தா இன்ன கடையில் கால் பங்குக்காரர் என்று எழுதினேன். எழுத்து கோணலாகத்தான் விழுந்தது. பூசாரி அதை எட்டிப் பார்த்துக் கூட்டத்துக்கு உரக்கப் படித்துவிட்டார். குலவை எழுந்தது. கிழவர் ஒருவர் வந்து முதலாளியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதார்.

"மக்கா, நம்ம கூட்டத்துல ஒன்னப் போல ஒருத்தன் பொறக்கல்லே! கோயிலுக்கு ஓடு மாத்தணும், மடப்பள்ளி கெட்டணும்னு நாங்க பத்து வருசமாப் பேசிக்கிட்டுத்தான் கெடக்கோம். நீ ஒரே வரியில செஞ்சிட்டியே!"

முதலாளிக்கு நெஞ்சு அரை அடி முன்னால் வந்தது. மச்சினர் என் பக்கத்தில் நின்று பல்லைக் கடித்தார். "கமுக்கமா எழுதும்னா, மேளம் வச்சு எழுதுகாரே இந்த மனுசன்!"

வருஷம் ஓடியது. அடுத்த ஆவணியில் கணக்கு முடித்தபோது லாபம் பழையபடி பன்னிரண்டாயிரம். சாஸ்தா பேரில் மூவாயிரம் வரவு நின்றது. அந்தப் பக்கத்தைத் திருப்பும்போதெல்லாம் வெறுங்காலோடு கோயிலுக்குள் நிற்கிற மாதிரி எனக்கு இருக்கும். முதலாளி அந்த மூவாயிரத்துக்குக் கொப்பரை வாங்கிப் போட்டிருந்தார். இதற்கிடையே கோயிலில் அழுத கிழவர் இரண்டு தடவை கடைக்கு வந்து, ஓட்டுக்கு விலை விசாரித்துவிட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு தடவையும் முதலாளி குடோனுக்குள் மூட்டைகளுக்கு நடுவே இருந்தார்.

மார்கழிக் கடைசியில் ஆபீசர் முகாமுக்கு அழைப்பு வந்தது. ஒட்டுச்சட்டை போட்ட முதலாளி, பேரேடு சுமந்த நான், ஆலோசனை சுமந்த மச்சினர், மூன்று பேரும் போனோம். ஆபீசர் மலையாளி. நெற்றியில் சந்தனம். நேராகப் பேரேட்டின் முதல் பக்கத்தைப் பார்த்தார்.

"தெய்வம் பார்ட்னரோ? கொள்ளாம். எவிடே அவருடைய கையொப்பு?"

"சாமி எப்பிடி சார் கையெழுத்துப் போடும்?" என்றார் முதலாளி.

"கையெழுத்துப் போடாத கை, லாபம் மாத்திரம் வாங்குமோ?"

மச்சினர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு எழுந்து ஏதோ ஒரு பிரிவு, ஏதோ ஒரு உட்பிரிவு என்றார். ஆபீசர் விரலைக் காட்டி உட்காரச் சொன்னார். பிறகு என்னிடம் திரும்பினார். சத்தியப்பிரமாணம் செய்யச் சொன்னார். செய்தேன்.

"இந்தக் கணக்கு எழுதினது நிங்களோ?"

"ஆமா சார்."

"இந்த மூவாயிரம் ரூபாய் கோயிலுக்குப் போயோ?"

முதலாளி என்னைப் பார்த்தார். 'போச்சு' என்று ஒரு சொல் சொன்னால் போதும். பூசாரியிடம் பிறகு ஒரு சீட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம் என்று வரும் வழியில் மச்சினர் சொல்லிக்கொடுத்திருந்தார். சிவனே என்று கண்ணை மூடினேன். கீரைக் கட்டு தெரிந்தது. கீரை மணக்கும் அவள் தலையில் நான் வைத்த கை தெரிந்தது.

"எழுதியிருக்கு சார். குடுக்கல்லே."

"எழுதும்போ கொடுக்கும் எண்ணம் உண்டாயிருந்நோ?"

"இல்லே சார். எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் எழுதினேன்."

ஆபீசர் பேனாவைக் கீழே வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டவில்லை. தை மாசம் முடியுமுன் பணம் கோயிலுக்குப் போய் ரசீது வந்தால் அதைத் தர்மமாக எடுத்துக்கொண்டு அந்த மட்டுக்கு வரியைக் குறைக்க யோசிப்பதாகவும், வராவிட்டால் முழு லாபத்துக்கும் வரி, மேலே அபராதம் என்றும் சொல்லி அனுப்பினார்.

கடைக்கு வந்ததும் முதலாளி சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு துண்டுக் காகிதத்தில் கணக்குப் போட்டார். சாஸ்தாவுக்குக் கொடுத்தால் போவது மூவாயிரம், வரியில் மிச்சமாவது ஐந்நூறுக்குள்ளே. கொடுக்காவிட்டால் அந்த ஐந்நூறும் அபராதமும்தான். பள்ளிக்கூடத்தில் அவர் கணக்கில் எப்படியோ, இதில் சுருக்காக விடை கண்டுவிட்டார்.

"ஓய், சாஸ்தாவைப் பேரேட்டுலேருந்து எடுத்துரும்."

"எப்பிடி எடுக்கது மொதலாளி? பங்காளி சம்மதம் இல்லாம அவரு பேர அடிச்சு எழுத முடியாதே."

"அப்பம் நீரு சாஸ்தாகிட்டயே கணக்கு எழுதப் போவும். இந்தக் கடையில ஒமக்கு இனி சோலி இல்லே. என்னக் காட்டிக்குடுத்த கை இந்தப் பேரேட்டத் தொடப்பிடாது!"

சாவியை வைத்துவிட்டு இறங்கினேன். விவரம் கேட்ட என் மனைவி, "ஒண்ணோட நிறுத்தினிங்கோ, நல்லது" என்று மட்டும் சொன்னாள். மறுநாளிலிருந்து குழம்பில் தேங்காய் குறைந்தது. பெண்களிடம் அவள் காரணம் சொல்லவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் வீட்டில் இருந்தேன். வேலை கேட்டு நாலு கடை ஏறினேன். "பாப்போம்" என்றார்கள். சொந்த முதலாளியையே காட்டிக்கொடுத்தவன் என்ற பெயர் எனக்கு முன்னால் அங்கே போய் உட்கார்ந்திருந்தது. திண்டாட்டம்தான், அதை மறைக்க மாட்டேன். கோயிலுக்குப் போய் நின்று, ஏன் என்னை இந்தப் பாடு படுத்துகிறாய் என்று அழவும் செய்தேன்.

ஆனால் அங்கே முதலாளிக்கும் ஒரு சிக்கல். கணக்கப்பிள்ளை மாறும்போது, வருகிறவன் பழைய பேரேட்டைப் பக்கம் பக்கமாகப் பார்த்து, நிற்கிற பாக்கிகளை ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டுத்தான் உட்காருவான். முதலில் வந்தவர் சாஸ்தா பக்கத்தைப் பார்த்ததும் செருப்பைத் தேடினார். இரண்டாவது ஆள், "மனுசன் பாக்கின்னா நான் பதில் சொல்லுகேன். இதுக்கு நான் யார்கிட்ட பதில் சொல்ல?" என்று கும்பிட்டுவிட்டுப் போனார். மூன்றாவதாகத் தக்கலைப் பக்கத்திலிருந்து கூட்டிவந்தவர் கையெழுத்துப் போடவே உட்கார்ந்தார். அன்றைக்கென்று அவருக்குப் பல்வலி. சாஸ்தாவின் எச்சரிக்கை என்று எடுத்துக்கொண்டு பகல் பஸ்ஸுக்கே திரும்பிவிட்டார். கோட்டாற்றில் அந்தப் பேரேட்டைத் தொட ஆள் இல்லாமல் போயிற்று. தையும் முடிந்தது. வரியும் அபராதமும் கட்டச் சொல்லி நோட்டீசு வந்தது.

மாசி முதல் வெள்ளிக்கிழமை முதலாளி எனக்கு ஆள் அனுப்பினார்.

"ஓய், சாஸ்தா சம்மதம் வேணும்னேருல்லா? சன்னதியில பூக் கெட்டிக் கேப்போம். அவரே 'போறேன்'னு சொல்லிட்டா நீரு அடிச்சு எழுதுவேரா?"

"அவரு சொன்னா எழுதுகேன் மொதலாளி."

வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், செவ்வரளி ஒரு பொட்டலம். இரண்டையும் ஒன்றுபோலக் கட்டிச் சாமி முன்னால் போட்டு, பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுப்பார். வெள்ளை வந்தால் சாமி சம்மதிக்கிறார், சிவப்பு வந்தால் இல்லை. சேதி கேட்டு வந்த இருபது குடும்பத்தில் அன்றைக்கு அழுத கிழவரும் இருந்தார், இப்போது அழாமல். முதலாளி கைகூப்பி, "சாஸ்தாவே, கடையில ஒமக்கு எதுக்கு வம்பு? ஒழிஞ்சுக்கிடும்" என்று வேண்டினார். நான் கண்ணை மூடிக்கொண்டு சிவப்பு வரவேண்டும் என்று வேண்டினேன். கணக்கு எழுதுகிறவன் ஒரு பக்கம் சாயக்கூடாது, அன்றைக்குச் சாய்ந்தேன்.

சிவப்பு வந்தது.

"பூசாரி, கெட்டு சரியில்லே. இன்னொரு தடவ எடும்" என்றார் முதலாளி.

அதுவும் சிவப்பு. மூன்றாம் தடவை வெள்ளை வந்தது. முதலாளி துள்ளிவிட்டார். "பாத்தேரா! கடசி வாக்குதான் வாக்கு!"

"சாமி என்ன, ஒம்ம கடத் தராசா, ஒமக்கு வேண்டிய பக்கம் சாயுற மட்டும் நிறுத்துக்கிட்டே இருக்கதுக்கு?" என்றார் பூசாரி. "மொதப் பூவுதான் வாக்கு. அவரு பங்கு அவருக்கு."

இருபது குடும்பமும் முதலாளியைப் பார்த்துக்கொண்டு நின்றது. இனி அவர் வீட்டுக் கல்யாணத்துக்கும் சாவுக்கும் இந்த இருபது குடும்பம் வரவேண்டும். அந்தக் கணக்கும் அவருக்குச் சுருக்காக விளங்கியிருக்க வேண்டும். முகம் கறுத்துப்போய் மடியை அவிழ்த்து, அங்கேயே கிழவரின் கையில் ஐந்நூறு வைத்தார். மிச்சத்தைக் கொப்பரை விற்று ஒரு வாரத்தில் கட்டினார். தை கழிந்துவிட்டதால் ரசீது வரி ஆபீசில் செல்லவில்லை. முழு வரியும் அபராதமும் தனியாகக் கட்டினார். சர்க்காருக்கும் சாஸ்தாவுக்கும் ஒருசேரக் கொடுத்த வியாபாரி அந்தத் தெருவில் அவர் ஒருவர்தான். மச்சினர் அப்புறம் இரண்டு வருஷம் கோட்டாறு பக்கம் வரவில்லை.

கடைசித் தவணை கட்டிய அன்று மத்தியானம் ரசீதோடு என்னைக் கடைக்குக் கூட்டிப்போனார். நான் சாஸ்தா பக்கத்தில் பற்று எழுதி, கூட்டி, கீழே இரட்டைக் கோடு போட்டேன். பாக்கி இல்லை. இனி எந்தக் கணக்கப்பிள்ளையும் தைரியமாக வந்து உட்காரலாம். அதைத்தான் சொல்லப்போகிறார் என்று நான் பேனாவை மூடிவிட்டு எழுந்தேன்.

"எங்க போறேரு?" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். "ஒரு மாசத்து மொளகாச் சீட்டு பதியாமக் கெடக்கு. இரும்."

சம்பளம் அதே நாற்பத்தைந்துதான். வீட்டில் இருந்த நாட்களுக்குப் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார்.